கேசட்டிலிருந்து கைக்கருவிக்கு

நுழையும்முன்

வீடு மாறும்போதுதான் பரணில் கிடக்கும் பொருள்கள் வெளிச்சத்திற்கு வருகின்றன. சந்தாபுராவில் வாடகை வீடு மாறும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். அட்டைப்பெட்டி ஒன்றிலிருந்து, அப்பா ஓசூரில் சிறுவராக இருந்தபோது விளையாடிய ‘டிவி கேம்’ வெளிப்படுகிறது. உடன் நான்கு கேசட்டுகளும் இருக்கின்றன. அதன் கம்பியைச் செருகுவதற்கு வீட்டிலுள்ள புதிய தொலைக்காட்சியில் துளையே இல்லை. “அப்பா, இந்த விளையாட்டை என் கைக்கருவியில் விளையாட முடியுமா?” என்று மகள் கேட்கிறாள். எளிய கேள்விதான். ஆனால், அதற்கு விடை காண வேண்டுமெனில், ஒரு விளையாட்டு எதனால் ஆனது, அதை எவ்வாறு இடம்பெயர்ப்பது, அவ்வாறு செய்ய யாருக்கு உரிமை உண்டு என்னும் மூன்றையும் அறிதல் வேண்டும்.

பெட்டிக்குள் இருப்பது என்ன?

1983-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஜப்பானைச் சேர்ந்த நிண்டெண்டோ நிறுவனம் ‘ஃபேமிகாம்’ என்னும் விளையாட்டுப் பெட்டியை வெளியிட்டது. தொலைக்காட்சியோடு இணைத்து விளையாடும் இத்தகைய பெட்டியைக் கன்சோல் என்பர். ஃபேமிகாமைப் பார்த்து, உரிமம் பெறாமலே பிறர் செய்த பெட்டிகள் 1990-களில் இந்திய நகரங்களின் கடைகளில் பெருகின. அவற்றில் செருகும் நெகிழிப் பேழையை நம்மூர்ச் சிறுவர்கள் ‘கேசட்’ என்றே அழைத்தனர். பாட்டுக் கேசட்டைப் போல அதனுள் நாடா எதுவும் இல்லை; எனினும், பெயர் நிலைத்துவிட்டது. ‘99999 இன் 1’ என்று அச்சிட்ட கேசட்டுகளும் விற்பனைக்கு வந்தன. அவற்றுள் இருந்தவை சில விளையாட்டுகளே. அவையே மீண்டும் மீண்டும் பட்டியலில் இடம்பெற்றிருந்தன.

கேசட்டைத் திறந்து பார்த்தால், ஒரு சிறு மின்பலகையும் அதன்மேல் ஒன்றிரண்டு சில்லுகளும் தெரியும். அச்சில்லில் எண்கள் வரிசையாகப் பதிந்துள்ளன. அவ்வெண்களுள் சில கட்டளைகள், சில படங்கள், சில ஒலிகள். படிக்க மட்டுமே இயலும், மாற்றி எழுத இயலாது என்பதால் இதனைப் ‘படிப்பதற்கு மட்டுமான நினைவகம்’ என்பர்.

1985-இல் வெளிவந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ என்னும் புகழ்பெற்ற விளையாட்டின் மொத்த அளவு 40 கிலோபைட் மட்டுமே. அதில் 32 கிலோபைட் கட்டளைகளுக்கும் 8 கிலோபைட் படங்களுக்கும் உரியது. இன்று கைப்பேசியில் எடுக்கும் 4 மெகாபைட் அளவுள்ள ஒரு புகைப்படம் இதைப்போல ஏறத்தாழ நூறு மடங்கு பெரியது. இடம் இவ்வளவு குறைவாக இருந்ததால், அவ்விளையாட்டை உருவாக்கியோர் சிக்கனத்தைக் கையாண்டனர். அதில் வானத்தில் மிதக்கும் மேகமும் தரையில் நிற்கும் புதரும் ஒரே படந்தான். வெள்ளை தீட்டினால் மேகம். பச்சை தீட்டினால் புதர்.

ஆகவே, விளையாட்டு என்பது நெகிழிப் பேழை அன்று. அதனுள் உள்ள எண்வரிசையே விளையாட்டு. இதை உணர்ந்தால், பெட்டி பழுதான பின்னும் விளையாட்டைக் காப்பாற்றலாம் என்பது விளங்கும்.

முதல் வழி: படியெடுத்தல்

ஓலைச்சுவடியில் உள்ளதைப் பார்த்து மற்றோர் ஏட்டில் எழுதுவதைப் படியெடுத்தல் என்று நம் முன்னோர் கூறினர். கேசட்டுக்கும் அச்சொல் பொருந்தும். கேசட்டைச் செருகுவதற்கேற்ற துளையுள்ள படிப்பான் கருவி ஒன்றைக் கணினியோடு இணைப்பர். அது சில்லிடம், “முதல் அறையில் உள்ள எண் யாது? இரண்டாம் அறையில் உள்ள எண் யாது?” என்று வரிசையாக வினவும். 40 கிலோபைட் விளையாட்டில் 40,960 அறைகள் உள்ளன. எல்லா விடைகளையும் வரிசை பிறழாமல் எழுதி வைத்தால், அது கணினியில் ஒரு கோப்பாகும்.

படியெடுப்போர் அஞ்சுவது பிழையையே. கேசட்டின் உலோகப் பற்களில் அழுக்கோ களிம்போ படிந்திருந்தால், எண் தவறாகப் படிக்கப்படும். அக்காலச் சிறுவர்கள் கேசட் இயங்காவிட்டால் அதன் வாயில் ஊதுவார்கள். உங்கள் பெற்றோரிடம் கேட்டால், சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்வர். உண்மையில் மூச்சிலுள்ள ஈரம் உலோகத்துக்குக் கேடு செய்யும். தூய்மை செய்யும் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் மெல்லத் துடைப்பதே முறை.

படி சரியானதா என்பதை எவ்வாறு அறிவது? ஒரு வழி, சரிபார்ப்பு எண். 169, 5, 141 என்னும் மூன்று எண்களைக் கூட்டினால் 315 வரும். படியெடுத்ததில் 5 என்பது 4 என மாறியிருந்தால், கூட்டுத்தொகை 314 ஆகிவிடும், பிழை வெளிப்பட்டுவிடும். நடைமுறையில் இதனினும் நுட்பமான கணக்கைப் பயன்படுத்துவர். ஒரே விளையாட்டை வெவ்வேறு கேசட்டுகளிலிருந்து படியெடுத்து ஒப்பிடுவதும் உண்டு. உ. வே. சாமிநாதையர் பல சுவடிகளை ஒப்பிட்டுப் பாடவேறுபாடுகளை ஆராய்ந்த பின்னரே 1887-ஆம் ஆண்டு சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார் என்பதை இங்கு நினைவுகூரலாம்.

சில கேசட்டுகளில் வேறொன்றும் இருக்கிறது. விளையாட்டை நிறுத்திய இடத்தைச் சேமித்து வைக்கும் சிறு நினைவகமும், அதற்கு மின்சாரம் தரும் காசு வடிவ மின்கலமும் அவை. வளைகுடா நாட்டிலிருந்து மாமா கொண்டுவந்த கேம்பாய் கருவியின் கேசட்டில், அவர் சூட்டிய வீரனின் பெயரும் அவர் அடைந்த கட்டமும் இருக்கக்கூடும். மின்கலம் தீர்ந்தால், விளையாட்டு அழியாது. அந்தச் சேமிப்பு மட்டும் அழிந்துவிடும். நிறுவனம் விளையாட்டை மீண்டும் வெளியிடலாம். மாமா ஆடிய ஆட்டத்தை எந்த நிறுவனத்தாலும் வெளியிட இயலாது. எனவே, படியெடுப்போர் மின்கலத்தைக் கழற்றுவதற்கு முன்பே சேமிப்பையும் படியெடுத்துவிடுவர்.

இரண்டாம் வழி: போலச்செய்தல்

கோப்பு கிடைத்துவிட்டது. அதைக் கைக்கருவியில் இட்டால், உடனே விளையாட இயலுமா? இயலாது. ஏனெனில், அக்கோப்பு வேறொரு பெட்டியின் மொழியில் எழுதப்பட்டது.

கணினிக்கு மூளையாக விளங்குவது மையச் செயலகம். ஃபேமிகாமின் மையச் செயலகம் ‘6502’ என்னும் புகழ்பெற்ற சில்லின் வழிவந்தது. அதனிடம் 169, 5 என்னும் இரண்டு எண்களைத் தந்தால், “5 என்னும் எண்ணை உன் கணக்கு அறையில் வைத்துக்கொள்” என்று பொருள்கொள்ளும். 141 என்றால், “கணக்கு அறையில் உள்ளதை நினைவகத்தில் எழுது” என்று பொருள். 76 என்றால், “வேறோர் இடத்திற்குத் தாவிச் செல்” என்று பொருள். இன்றைய கைப்பேசிகளிலும் கைக்கருவிகள் பலவற்றிலும் இருப்பது ‘ஆர்ம்’ வகை மையச் செயலகம். அதற்கு இந்த எண்கள் இப்பொருளைத் தருவதில்லை. தமிழ் மட்டும் அறிந்த ஒருவரிடம் ஜப்பானிய மொழிக் கடிதத்தைத் தந்ததைப் போன்றது இது. எழுத்து கண்ணுக்குத் தெரியும், பொருள் விளங்காது.

இவ்விடத்தில் துணைக்கு வருவது ‘எமுலேட்டர்’ என்னும் மென்பொருள். நாடகத்தில் நடிகர் அரசரைப் போல நடிப்பதுபோல், இம்மென்பொருள் கைக்கருவிக்குள் பழைய பெட்டியைப் போல நடிக்கிறது. எனவே, இதனைப் போலச்செய் மென்பொருள் எனலாம். கோப்பிலுள்ள முதல் எண்ணை அது படிக்கிறது. “6502 இதற்கு என்ன செய்திருக்கும்?” என்று தன் பட்டியலில் பார்க்கிறது. அதே செயலைக் கைக்கருவியின் மொழியில் செய்து முடிக்கிறது. பின்னர் அடுத்த எண்ணுக்குச் செல்கிறது. நீங்கள் சந்தாபுராச் சந்தையில் கடைக்காரரின் கன்னடத்தைப் பாட்டிக்குத் தமிழிலும், பாட்டியின் தமிழைக் கடைக்காரருக்குக் கன்னடத்திலும் உடனுக்குடன் சொல்வதை ஒத்தது இப்பணி.

உடனுக்குடன் மொழிபெயர்ப்பவருக்கு வேகம் வேண்டும். ஃபேமிகாமின் மையச் செயலகம் நொடிக்கு ஏறத்தாழ 17.9 இலட்சம் துடிப்புகள் கொண்டது. திரையில் நொடிக்கு ஏறத்தாழ 60 படங்கள் தோன்றின. ஒரு படத்திற்கு ஏறத்தாழ 29,800 துடிப்புகள் கிடைத்தன. அதற்குள் மாரியோ நகரவேண்டும், எதிரிகள் நகரவேண்டும், இசை ஒலிக்கவேண்டும். ஒவ்வொரு பழைய கட்டளைக்கும் எமுலேட்டர் பல புதிய கட்டளைகளைச் செலவிடுகிறது. மேலும், படம் வரையும் சில்லையும் ஒலி எழுப்பும் சில்லையும் அதுவே போலச்செய்ய வேண்டும். ஆகையால், நடிக்கும் கருவி நடிக்கப்படும் கருவியைவிடப் பன்மடங்கு விரைவுடையதாய் இருத்தல் வேண்டும்.

இதற்கு எதிரான இடர் ஒன்றும் உண்டு. இன்றைய கருவி கண்ணிமைப்பதற்குள் வேலையை முடித்துவிடும். அதை அப்படியே விட்டால், மாரியோ மின்னலாய் ஓடிப் பள்ளத்தில் விழுவார். எனவே, ஒரு படத்துக்குரிய வேலையை முடித்ததும், ஒரு நொடியில் அறுபதில் ஒரு பங்கு நேரம் நிறைவடையும்வரை காத்திருக்குமாறு எமுலேட்டரை அமைக்கின்றனர். விரைவாகச் செய்வதைப் போலவே, காத்திருப்பதும் ஒரு திறனே.

இரு கருவிகளின் மொழியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்ததாயின், வேலை எளிதாகும். 1994-இல் சோனி நிறுவனம் வெளியிட்ட ‘பிளேஸ்டேஷன்’ பெட்டியும், 2004-இல் அந்நிறுவனமே வெளியிட்ட ‘பி.எஸ்.பி.’ என்னும் கைக்கருவியும் ‘மிப்ஸ்’ என்னும் ஒரே குடும்பத்து மையச் செயலகங்களைக் கொண்டவை. தமிழிலிருந்து மலையாளத்திற்குப் பெயர்ப்பதற்கும் ஜப்பானிய மொழிக்குப் பெயர்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இங்கு எண்ணிப் பாருங்கள். 2006-இன் இறுதியில் பிளேஸ்டேஷன் விளையாட்டுகளைப் பி.எஸ்.பி.யில் விளையாடும் வசதியைச் சோனியே அளித்தது. குறுந்தகட்டில் இருந்தவை கைக்கருவிக்கேற்ற கோப்புகளாக மாற்றி விற்கப்பட்டன.

மூன்றாம் வழி: மறுவாக்கம்

போலச்செய்தலில் மூலக் கோப்பு மாறுவதில்லை. மறுவாக்கத்திலோ விளையாட்டையே புதிய கருவிக்கென மீண்டும் அமைக்கின்றனர். இதனைப் ‘போர்ட்’ செய்தல் என்பர். எமுலேட்டர் உடனிருந்து மொழிபெயர்ப்பவர் என்றால், மறுவாக்கம் செய்பவர் நூலை முழுவதும் படித்து, அமர்ந்து மொழிபெயர்த்து, புதிய நூலாக வெளியிடுபவர் ஆவார்.

1999-இல் கேம்பாய் கலர் என்னும் கைக்கருவிக்காக வெளிவந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ் டீலக்ஸ்’ இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. பழைய விளையாட்டு 256 × 240 படப்புள்ளிகள் கொண்ட திரைக்காக அமைந்தது. கேம்பாய் கலரின் திரையோ 160 × 144 படப்புள்ளிகள் கொண்டது. பெருக்கிப் பாருங்கள்: முன்னது 61,440, பின்னது 23,040. ஐந்தில் இரண்டு பங்குகூட இல்லை. படத்தைச் சுருக்கினால், மாரியோ எறும்பைப்போல் ஆகிவிடுவார். எனவே, உருவங்களின் அளவைக் குறைக்காமல், மாரியோவைச் சுற்றியுள்ள பகுதியை மட்டும் திரையில் காட்டினர். உருவம் தெளிவாய் நின்றது. ஆனால், தொலைவில் வரும் எதிரியையும் உயரத்தில் உள்ள பாறையையும் முன்கூட்டியே காணும் வாய்ப்பு குறைந்தது. பழகிய ஆட்டக்காரருக்கே அது புதிய அறைகூவலாயிற்று.

அதே விளையாட்டை 2004-இல் நிண்டெண்டோ மீண்டும் ஒருமுறை, ‘கேம்பாய் அட்வான்ஸ்’ என்னும் கைக்கருவிக்காக வெளியிட்டது. இம்முறை மறுவாக்கம் செய்யாமல் போலச்செய்தலைக் கையாண்டது. அக்கருவியின் திரை 240 × 160 படப்புள்ளிகள் கொண்டது. உயரம் போதாமையால், படத்தை மேலும் கீழும் நெருக்கி அமைத்தனர். முழுக் காட்சியும் கிடைத்தது; உருவங்கள் சற்றே தட்டையாயின. ஒரே நிறுவனம், ஒரே விளையாட்டு, இரண்டு தீர்வுகள். ஒன்றில் காட்சி குறைந்தது. மற்றொன்றில் வடிவம் குறைந்தது. எதையும் இழக்காத இடம்பெயர்ப்பு இல்லை. எதை இழக்கலாம் என்பதை எண்ணித் துணிவதே இடம்பெயர்ப்போரின் கடமை.

திரையும் பொத்தானும்

இன்று விற்பனையாகும் கைக்கருவிகள் பலவற்றின் திரை 640 × 480 படப்புள்ளிகள் கொண்டது. இது பழைய விளையாட்டுகளுக்கு நன்கு பொருந்துகிறது. 240-ஐ இரண்டால் பெருக்கினால் 480 அல்லவா? ஒவ்வொரு பழைய புள்ளியையும் இரண்டுக்கு இரண்டு என நான்கு புதிய புள்ளிகளாக வரையலாம். படம் கூர்மையாக இருக்கும். இவ்வாறு முழு எண்ணால் பெருக்காமல் ஒன்றரை மடங்கு என்று பெருக்கினால், சில புள்ளிகள் பெரியனவாகவும் சில சிறியனவாகவும் தோன்றும், கோடுகள் நெளியும்.

பொத்தான்களிலும் இடர் உண்டு. பிளேஸ்டேஷனின் கைப்பிடியில் தோள்பகுதியில் நான்கு பொத்தான்கள் இருந்தன, பி.எஸ்.பி.யில் இரண்டே இருந்தன. எஞ்சிய இரண்டின் பணியை வேறு பொத்தான்களுக்கோ விசைக்கோலுக்கோ ஒதுக்கவேண்டியிருந்தது. விரல்கள் பழகிய பாதையை மறந்து புதிதாய்ப் பழகவேண்டும்.

இவற்றைவிட நுட்பமான கேள்வி ஒன்று உள்ளது. ஃபேமிகாமில் திரையின் ஒரு கிடைக்கோட்டில் எட்டு நகரும் உருவங்களுக்குமேல் வரைய இயலாது. எதிரிகள் மிகுந்தால், சில உருவங்கள் மறைந்து மறைந்து தோன்றும். அது பெட்டியின் குறை. இன்றைய எமுலேட்டரால் அக்குறையை நீக்க இயலும். நீக்கலாமா? நீக்கினால், படம் அழகாகும். நீக்காவிட்டால், அன்று அப்பா கண்டது எதுவோ அதுவே கிடைக்கும். ஆய்வாளர் மூலத்தின் குறையையும் காக்க விரும்புவர். ஆடி மகிழ்வோர் தெளிவையே விரும்புவர். நல்ல எமுலேட்டர்கள் இருவழிகளையும் தந்து, தேர்வை நம்மிடம் விட்டுவிடுகின்றன.

யாருக்கு உரிமை?

இயலும் என்பதால் மட்டும் ஒன்றைச் செய்துவிடலாகாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. கணினி நிரலையும் ‘இலக்கியப் படைப்பு’ என்னும் வகையிலேயே அச்சட்டம் அடக்குகிறது. கவிதைக்கும் கதைக்கும் உள்ள பாதுகாப்பு விளையாட்டின் நிரலுக்கும் உண்டு என்பது இதன் பொருள். படைப்பாளியின் மறைவுக்குப் பின்னும் 60 ஆண்டுகள்வரை இலக்கியப் படைப்பின் பதிப்புரிமை நீடிக்கிறது. ஆகவே, ஒரு விளையாட்டு இன்று கடையில் கிடைக்கவில்லை என்பதால், அது உரிமையாளர் அற்ற பொருள் ஆகிவிடாது.

அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவு ஒரு சலுகையும் அளிக்கிறது. நிரலின் ஒரு படியைச் சட்டப்படி பெற்று வைத்திருப்பவர், அது தொலைந்தோ சேதமுற்றோ போகாமல் காத்துக்கொள்வதற்காகப் பாதுகாப்புப் படி எடுத்துக்கொள்ளலாம். ‘சட்டப்படி பெற்று’ என்னும் சொற்களைக் கவனியுங்கள். கடையில் விலைக்கு வாங்கிய உண்மையான கேசட்டுக்கு இது பொருந்தும். ‘99999 இன் 1’ கேசட்டோ பிறந்தபோதே உரிமம் அற்றது. அப்பா அதை நேர்மையாகப் பணம் கொடுத்து வாங்கியிருக்கலாம். எனினும், அப்பணம் விளையாட்டை உருவாக்கியோரைச் சென்றடையவில்லை. அவ்வாறே, யாரோ எடுத்த படியை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்வதும், தான் எடுத்த படியைப் பிறருக்கு விற்பதும் பாதுகாப்புப் படி ஆகா.

அப்படியாயின், நம் கதையில் வரும் மகள் என்ன செய்யலாம்? பழைய விளையாட்டுகள் பலவற்றை அவற்றின் உரிமையாளர்களே புதிய கருவிகளுக்கென மீண்டும் வெளியிடுகின்றனர்; அவற்றை வாங்கலாம். தாமே ஆக்கிய விளையாட்டுகளை எவரும் இலவசமாக ஆடலாம் என அறிவித்தோரின் படைப்புகளை நாடலாம். உண்மையான கேசட் வீட்டில் இருந்தால், பெரியோர் துணையுடன் படியெடுக்கலாம். பரணிலிருந்து வந்த நான்கில் உண்மையானது ஒன்றேனும் உண்டா என்று தேடிப் பார்ப்பதே அவளது முதற்பணி.

காப்போர் இல்லையேல்

“பழைய விளையாட்டுதானே, போனால் போகட்டும்” என்று தோன்றலாம். அமெரிக்காவில் உள்ள ‘வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன்’ என்னும் அமைப்பு 2023-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2010-க்கு முன் அந்நாட்டில் வெளியான விளையாட்டுகளுள் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என்று அது தெரிவித்தது. அவற்றைக் காணவேண்டுமெனில், பழைய பெட்டியும் பழைய கேசட்டும் வேண்டும். அல்லது யாரேனும் எடுத்துவைத்த படி வேண்டும். பெட்டிகள் பழுதாகின்றன, தகடுகள் கீறலுறுகின்றன, மின்கலங்கள் தீர்கின்றன.

தமிழுக்கு இந்நிலை புதிதன்று. ஓலைச்சுவடி நெடுங்காலம் நிலைத்திராது. பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதும் வழக்கம் நின்றுபோன இடங்களில் நூல்கள் அழிந்தன. ஏட்டிலிருந்து தாளுக்கு வந்த நூல்கள், நம் காலத்தில் தாளிலிருந்து திரைக்கு வந்துள்ளன. 1998-ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கப்பட்ட ‘மதுரைத் திட்டம்’ தமிழ் நூல்களைக் கணினியில் ஏற்றி எல்லார்க்கும் இலவசமாக வழங்குகிறது. தொடக்கத்தில் அக்காலத்து எழுத்துக் குறியேற்றங்களில் சேமித்த நூல்களைப் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றவேண்டியிருந்தது. மாற்றாமல் விட்டிருந்தால், இன்றைய கைப்பேசியில் அந்நூல்கள் பொருளற்ற குறிகளாகவே தோன்றியிருக்கும். கேசட்டின் 169-ஐ ஆர்ம் மையச் செயலகம் உணராததும் இதுவும் ஒரே வகைச் சிக்கலே.

சேர்த்து வைத்தல் மட்டும் காத்தல் ஆகாது. படிக்கத் தெரிந்த ஒருவரும் வேண்டும். கோப்பு இருந்து எமுலேட்டர் இல்லையேல், அது வெறும் எண்வரிசை. ஏடு இருந்து எழுத்தறிந்தவர் இல்லையேல், அது வெறும் ஓலை. அத்திப்பள்ளியைக் கடந்து கர்நாடகத்திற்குக் குடிவந்த வீடுகளில், ஊரிலிருந்து பாட்டி எழுதிய கடிதங்கள் எங்கேனும் ஒரு பெட்டியில் இருக்கும். அவற்றைப் படிக்கக் கைக்கருவி எதுவும் வேண்டியதில்லை. நீங்கள் இவ்வகுப்பில் கற்கும் எழுத்துகளே போதும்.

தெரிந்து தெளிவோம்

• பெங்களூரில் 1997-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட துருவா இன்டராக்டிவ், இந்தியாவில் கணினி விளையாட்டு உருவாக்கத்தில் முதன்முதலில் ஈடுபட்ட நிறுவனங்களுள் ஒன்று. 2019-இல் இதனை ராக்ஸ்டார் கேம்ஸ் வாங்கியது.

• 1989-இல் வெளிவந்த முதல் கேம்பாயின் திரை அளவும், 1998-இல் வெளிவந்த கேம்பாய் கலரின் திரை அளவும் ஒன்றே: 160 × 144 படப்புள்ளிகள்.

சொல்லும் பொருளும்

பரண் – வீட்டின் மேற்புறத்தே பொருள் வைக்கும் இடம்
சுவடி – ஓலை நூல்
படி – பார்த்து எழுதிய பிரதி
பிறழாமல் – மாறாமல்
களிம்பு – செம்பு முதலிய உலோகத்தில் படியும் பச்சை நிற மாசு
அறைகூவல் – போட்டிக்கு அழைத்தல், சவால்
நிரல் – கணினிக்குரிய கட்டளைத் தொகுப்பு
ஒருங்குறி – உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் பொதுவான குறியேற்ற முறை

மதிப்பீடு

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. ‘எழுத்தறிந்தவர்’ என்னும் சொல்லைப் பிரித்து எழுதக் கிடைப்பது
 அ) எழுத்து + அறிந்தவர்  ஆ) எழுத்தை + அறிந்தவர்  இ) எழுத்த + அறிந்தவர்  ஈ) எழுது + அறிந்தவர்

2. மூலக் கோப்பை மாற்றாமல் விளையாட உதவுவது
 அ) மறுவாக்கம்  ஆ) போலச்செய்தல்  இ) பதிப்புரிமை  ஈ) சரிபார்ப்பு எண்

3. கேசட்டின் மின்கலம் தீர்ந்தால் அழிவது
 அ) கட்டளைகள்  ஆ) படங்கள்  இ) சேமிப்பு  ஈ) ஒலிகள்

ஆ. குறுவினா

1. சூப்பர் மாரியோ பிரதர்ஸ் விளையாட்டில் மேகமும் புதரும் ஒரே படமாக இருந்தது ஏன்?
2. எமுலேட்டர் காத்திருக்க வேண்டிய தேவை என்ன?
3. ‘99999 இன் 1’ கேசட்டைப் படியெடுப்பதற்குச் சட்டத்தின் சலுகை பொருந்துமா? காரணம் கூறுக.

இ. நெடுவினா

ஒரே விளையாட்டு 1999-இலும் 2004-இலும் இருவேறு கைக்கருவிகளுக்கு இடம்பெயர்ந்த முறைகளை ஒப்பிட்டு எழுதுக. இவற்றுள் எது சிறந்தது என நீங்கள் கருதுகிறீர்கள்? ஏன்?

ஈ. சிந்தனை வினா

169, 5, 141 என்னும் எண்கள் 5, 169, 141 என வரிசை மாறிப் படியெடுக்கப்பட்டுவிட்டன. கூட்டுத்தொகை இப்பிழையைக் காட்டுமா? காட்டாதெனில், பிழையைக் கண்டறிய வேறு வழி ஒன்றைக் கூறுக.

உ. மொழிப்பயிற்சி

பின்வரும் பேச்சுவழக்குத் தொடர்களை எழுத்து வழக்கில் மாற்றி எழுதுக.
1. “இந்தக் கேசட்டு ஓடவே மாட்டேங்குது, ஊதிப் பாரு.”
2. “பழசுதானேன்னு தூக்கிப் போட்டுடாதீங்க.”

கற்பவை கற்றபின்

1. உங்கள் பெற்றோரோ உறவினரோ சிறுவயதில் விளையாடிய விளையாட்டு ஒன்றைப் பற்றி அவர்களிடம் கேட்டறிந்து, அதன் விதிமுறைகளைத் தமிழில் எழுதுக. கேசட் விளையாட்டாயினும், பல்லாங்குழி, பரமபதம் போன்ற விளையாட்டாயினும் ஏற்புடையதே.

2. உங்கள் வீட்டில் உள்ள பழைய தமிழ்க் கடிதம், நாட்குறிப்பு அல்லது சமையற்குறிப்பு ஒன்றை வீட்டாரின் இசைவு பெற்றுப் படியெடுக்க. எழுதியவரின் எழுத்துப்பிழைகளைத் திருத்தினீர்களா, அவ்வாறே விட்டீர்களா என்பதையும், அதற்கான காரணத்தையும் வகுப்பில் கூறுக.